விசாலம் பாலை நிறுத்திய பிறகு

மராத்தி பேசும் ஊரான சிஞ்ச்வட்டில் எங்கள் சொசைட்டி அடுக்குமாடியின் இரண்டாம் மாடியில் விசாலம் தனியாகக் குடியிருந்தார். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் கீழ்த்தளம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்த பிறகு வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1998 மழைக்காலத்தில் அவர் குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதுவரை படிக்கட்டில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான்.

முதல் நாள் கஞ்சி வைக்கப் போனேன். ஃபிரிட்ஜில் பால் இல்லை.

"பால்காரன் வரலையா?"

"நான் பால் சாப்பிடறதில்லை, சிஸ்டர்."

"தயிர்?"

"அதுவும்தான். மோர், நெய், ஒண்ணும் கிடையாது."

"அறுபது வயசுல எலும்பை உடைச்சிட்டுப் பால் வேண்டாம்னா எப்படி?"

"கூடினா கூடட்டும். கூடாட்டா போறது."

பிடிவாதம் பிடிக்கும் நோயாளிகள் எனக்குப் புதிதில்லை. காரணம் என்னவென்று தெரிந்துகொண்டால் வழி கிடைக்கும். கையைத் தூளியில் மாட்டி, தலை பின்னிவிட்டு, துணி துவைத்துப் போட்டு, நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் சொன்னார்.

இரண்டு வருடம் முன்பு வரை அவர் பாக்கெட் பால் வாங்கியதில்லை. தண்ணீர் கலந்துவிடுவார்கள் என்ற சந்தேகம். காலை ஆறு மணிக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குள் இருந்த எருமைத் தொழுவத்துக்கு நடந்தே போவார். கண் முன்னால் கறந்தால்தான் வாங்குவார். அப்படிப் பத்து வருடம் நின்று பார்த்தவர் ஒரு நாள் கன்றைக் காணவில்லை என்று கேட்டார். "செத்துப் போச்சு மாவ்ஷி, ஆண் கன்னுதானே" என்றான் கறக்கிறவன்; மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. பிறகு வைக்கோல் அடைத்த கன்றுத் தோலைக் கொண்டுவந்து எருமைக்கு முன்னால் நிறுத்தினான். எருமை அதை நக்கியது. மடியில் பால் இறங்கியது. அவன் கறந்தான். விசாலம் தூக்கில் வாங்கி வந்த பாலைக் காய்ச்சினார். ஆற வைத்தார். குடிக்க முடியவில்லை. அன்றோடு நின்றுபோனது.

"அது நக்கித்து சிஸ்டர். தோலை. இத்தனை நாள் நான் தண்ணி கலக்கறானான்னு மட்டும்தான் பார்த்துண்டிருந்தேன்."

பாலை விட்டது அவருக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. பால் இல்லாமல் மனிதர்களோடு இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவருக்குப் பழக்கமான தமிழ் வீடுகளில் உள்ளே நுழைந்தவுடன் காபி. வேண்டாமென்றால் முகம் சுருங்கும். வெள்ளிக்கிழமை பஜனையில் சந்திரிகா என்றொரு பெண் எல்லோர் முன்னாலும் கேட்டாளாம்: "மாமி, அடுத்தாப்ல காத்தைக் குடிச்சுண்டே இருக்கப் போறேளா?" எல்லோரும் சிரித்தார்கள். விசாலமும் சிரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை போகவில்லை.

பஜனை நின்றது பெரிதல்ல. ஞாயிற்றுக்கிழமை நின்றதுதான் பெரிது.

அவருக்கு இந்தப் பக்கத்தில் இருந்த ஒரே சொந்தம் தம்பி சந்தானம். தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். ஞாயிறு காலை லோக்கல் ரயிலில் கிளம்பிப்போய், தம்பி வீட்டில் சாப்பிட்டு, மூன்று மணிக்குக் காபி குடித்து, சாயங்கால வண்டியில் திரும்புவார். வாரத்தில் அவர் இன்னொரு மனிதரோடு உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு அந்த ஒன்றுதான்.

ஆனால் அந்த இடம் சுலபமாகக் கிடைத்ததில்லை. சந்தானம் 1979இல் நீலாவைக் காதலித்துக் கல்யாணம் செய்தார். இவர்கள் ஐயர் வீடு. நீலா தூத்துக்குடியில் தினமும் மீன் சமைக்கும் வீட்டுப் பெண். முதல் ஐந்து வருடம் விசாலம் அங்கே போனால் வாழைப்பழமும் தண்ணீரும் மட்டும்தான். ஏன் என்றால், "வயிறு சரியா இல்லை." சந்தானத்துக்கு மஞ்சள் காமாலை வந்து, நீலா ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டதைக் கண்ட பிறகுதான் அவள் கையால் முதல் முறை தயிர் சாதம் வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் ஒரு ஞாயிறும் தவறவில்லை.

பாலை விட்ட வாரமும் போனார். நீலா தயிர் ஊற்ற வந்தாள். விசாலம் தட்டுக்கு மேல் கையைக் குறுக்கே வைத்தார்.

"வேண்டாம் நீலா. வயிறு சரியா இல்லை."

எதற்கு அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். எருமை விஷயத்தைச் சொன்னால் சிரிப்பார்களே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாராம். வாய்க்கு வந்தது பழைய வார்த்தை. அடுத்த ஞாயிறும் அதே. மூன்றாவது ஞாயிறு நீலா தயிர்ப் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு, "இவ்வளவு வருஷம் கழிச்சு என் கை உங்களுக்கு மறுபடி ஆகாமப் போயிட்டுதாக்கும்" என்று கேட்டாள். விசாலம் எழுந்து கை கழுவப் போனார். அன்று திரும்பி வந்தவர் பிறகு போகவில்லை. இரண்டு வருடம்.

"ஒரு போன் போட்டு நிஜத்தைச் சொல்ல உங்களுக்கு என்ன?" என்றேன்.

"சொன்னா நம்பணுமே."

"நம்பறது அவங்க வேலை. சொல்றது உங்க வேலை."

அவர் சொல்லவில்லை. கை உடைந்தது என்று மட்டும் நான் சந்தானத்துக்குப் போன் போட்டேன். மறுநாள் நீலா வந்தாள். ஐம்பதுக்குப் பக்கம் வயது, நல்ல உடற்கட்டு, வேகமான நடை. நலம் விசாரித்த கையோடு சமையலறைக்குள் போனாள். ஃபிரிட்ஜைத் திறந்தாள், அலமாரியைத் திறந்தாள், நெய்ச் சாடியைத் தேடினாள். வெளியே வந்து என்னைக் கேட்டாள்: "வீட்டுல ஒரு சொட்டுப் பால் இல்லையே, ஏன்?"

நான் விசாலத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, எருமை, கன்று, வைக்கோல் என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

நீலா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பேசியபோது தூத்துக்குடி பேச்சு வந்துவிட்டது.

"எருமைக்காகவா? ஒரு எருமைக்காக எங்கிட்ட ரெண்டு வருஷம் பேசாம இருந்தீங்களா?"

"நீ தப்பா நெனைச்சுண்டுட்டே. எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியலை."

"எருமைக்குப் பாவம் பாக்கீங்க. நல்லது. உங்க வீட்டுக்காக நான் மீன விட்டப்ப யாரு பாவம் பாத்தா? முதல் வருஷம் சோறே இறங்கல எனக்கு. கடைத்தெருப் பக்கம் போனா அழுக வரும்."

"நான் உன்னை விடச் சொல்லலையே நீலா."

"சொல்லல. நான் விடுற வரைக்கும் வாழப்பழம் தின்னுக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

விசாலம் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போகும்போது நீலா வாசலில் நின்று சொன்னாள்: "உங்களுக்கு அம்பத்தெட்டு வயசுல தோணிச்சு, விட்டீங்க. யாரையும் கேக்கல. எனக்கும் தோணுது, அக்கா. நான் திரும்பச் சாப்பிடப் போறேன். ஞாயித்துக்கிழம கதவு திறந்துதான் இருக்கும். ஆனா மீன் இருக்கும்."

இது மிரட்டல் இல்லை. சந்தானமும் போனில் அதையே சொன்னார். "அக்கா, அவ வாங்கிண்டு வந்துட்டா. நான் ஒண்ணும் சொல்லலை. நீ வரதானா வா."

நான் மணிக்கட்டைக் கவனித்தேன். கேழ்வரகு, எள்ளு, கீரை, காலையில் அரை மணி மாடி வெயில். பி-டுவெல்வ் வைட்டமின் ஊசி மாதம் ஒன்று. அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆறு வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு ஒழுங்காகக் கூடியிருந்தது.

ஞாயிறுகள்தான் நகரவில்லை. மற்ற நாள் அவருக்குப் பழகியிருந்தது. ஞாயிறு பதினொரு மணிக்கு ஒவ்வொரு வீட்டுக் குக்கரும் விசில் அடிக்கும்போது அவர் பால்கனியில் நின்று ஸ்டேஷன் பக்கம் பார்ப்பார். நான் எட்டிப் பார்த்தால், "இப்போ கிளம்பினாக்கூட பன்னிரண்டுக்குள்ள போயிடலாம்" என்பார். கிளம்ப மாட்டார்.

அக்டோபரில் ஒரு நாள் கேட்டார்.

"சிஸ்டர், மீன் நாத்தம் எவ்வளவு நேரம் இருக்கும்?"

"பத்து நிமிஷம் மூக்குல ஏறும். அப்புறம் பழகிடும். ஜன்னல் பக்கம் உக்காருங்க. நான் பார்க்காத நாத்தமா?"

கை இன்னும் பலமாகவில்லை என்பதால் அந்த ஞாயிறு நானும் கூடப் போனேன். தளேகாவ் வீட்டில் மாடிப்படியிலேயே வாசனை வந்துவிட்டது. எனக்குப் பசித்தது. விசாலம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். பிறகு ஏறினார்.

நீலா அவருக்கு ஜன்னலோரம் இடம் போட்டாள். அவருக்குத் தனியாக, நெய்யில்லாத பருப்பு, ரசம், புடலங்காய்ப் பொரியல். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அவளும் உட்கார்ந்தாள். தூத்துக்குடியில் சீலா என்று சொல்லும் மீனை இங்கே சுரமை என்று விற்கிறார்கள். அதில் இரண்டு துண்டு வறுத்து வைத்திருந்தாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. முள்ளை விரலால் எடுத்து ஓரமாக வைத்து, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். விசாலம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் நீலா உட்கார்ந்து சாப்பிட்டு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்ததாக என்னிடம் பின்னால் சொன்னார். அத்தனை வருடமும் அவள் நின்று பரிமாறியதும் இவர் சாப்பிட்டதும்தான் நடந்திருக்கிறது.

ரசம் சாதம் பாதியில் விசாலத்தின் கை நின்றுவிட்டது. முகம் வெளுத்தது. வாந்தி வரும் முகம் எனக்குத் தெரியும். எழுந்திருக்க உதவலாம் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தார். எழுந்து போகாமல், எல்லோரும் முடிக்கிற வரை தட்டின் முன் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"போதுமாக்கா?" என்று கேட்டாள் நீலா.

"போதும்டி. நீ சாப்பிடு."

வயிறு சரியில்லை என்று அவர் சொல்லவில்லை. நீலாவும் வற்புறுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு தனியாகவே போனார். அதற்கடுத்த ஞாயிறும். சந்தானம் ஓய்வு பெற்று 2004இல் நீலாவோடு தூத்துக்குடிக்குப் போகிற வரை விசாலம் போய்க்கொண்டிருந்தார். மீன் நாற்றம் அவருக்குக் கடைசி வரை பழகவில்லை; பத்து நிமிடம் என்று நான் சொன்னது தப்பு. அங்கே சாப்பாட்டில் பாதிதான் உள்ளே போகும். சாயங்கால வண்டியில் திரும்பி வந்து, விளக்கைப் போட்டு, ஒரு கைப்பிடி சாதம் வடித்து, மீதிப் பாதியை வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார்.