நகக்கண் அளவு அடுப்பு

அந்த நீர்மூழ்கியை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். உலக யுத்தத்தின்போது எங்கள் சரக்குக் கப்பலை அடித்து மூழ்கடித்துவிட்டு, தண்ணீருக்கு மேலே வந்து, உயிர்காப்புப் படகில் எங்களோடு இருந்த கேப்டனை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. என்னோடு கொதிகலனுக்குக் கரி வாரிப்போட்ட என் தோஸ்து கப்பல் அடிபட்டபோது கீழே வேலையில் இருந்தான். கீழேயிருந்து ஒருத்தரும் வெளியே வரவில்லை.

ராயபுரத்தில் எதிர்வீட்டில் இருந்த அவன் அம்மாவிடம் இதை உள்ளபடியே சொன்னேன். அவர் கேப்டன் விஷயத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சண்டை முடிந்து, கைதிகளெல்லாம் ஊர் திரும்பிய பிறகும், தன் பிள்ளையையும் அதில்தான் ஏற்றிப் போயிருக்கிறார்கள் என்ற அதே பேச்சு. கடலில் போனவன் உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். தெருவே சொல்லிப் பார்த்தது, அவர் மசியவில்லை. கொள்ளி இல்லாமல் என் தோஸ்து கரையேறாமல் கிடக்கிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது.

உள்ளே இடமே இல்லை என்று கண்ணாலேயே பார்த்துவிடட்டும் என்று வீம்பு பிடித்தேன். மூர் மார்க்கெட்டில் கிடைத்த பழைய பத்திரிகையில் அதே ஜாதி நீர்மூழ்கியைப் பிளந்து காட்டிய படம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக் காகிதத்தில் செய்ய உட்கார்ந்தேன். அடிக்கு அரைக்கால் அங்குலம் என்று கணக்கு. ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை, கரப்பான் தின்னாமலிருக்க அதில் மயில்துத்தம். கடல் காற்றில் அட்டை ஊறி வளைந்துகொண்டே இருந்தது. பிரித்துப் பிரித்து ஒட்டினேன். ஒரு பக்கத்தை மூடாமல் விட்டு, படத்தில் இருந்ததை ஒன்றுவிடாமல் உள்ளே வைத்தேன். குண்டு, எஞ்சின், அடுக்குப் படுக்கை, ஓரமாக நகக்கண் அளவில் ஓர் அடுப்பு. அந்த வேலைத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

தர்ப்பைக் கட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். அவர் குண்டைப் பார்க்கவில்லை, எஞ்சினைப் பார்க்கவில்லை. விரல் நேராக அடுப்புக்குப் போனது. அது என்ன என்று கேட்டார், சொன்னேன்.

"அடுப்பு கீதுன்னா சோறும் கீது, நைனா. நெருப்பு வேல தெரிஞ்சவன எவன் தண்ணில வுட்டுட்டுப் போவான்?"

அது மின்சார அடுப்பு, கரி தள்ளும் வேலையே அதில் கிடையாது என்று எடுத்துச் சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை.

"மேல்மூடி உள்ளேர்ந்து தொறக்குமா?"

தொறக்கும் என்றேன். தொறக்கத்தானே செய்யும்.

"அப்போ வந்துருவான். அந்தத் தர்ப்பைய எட்த்துகினு போ."

காகித நீர்மூழ்கி அவர் வீட்டு விளக்கு மாடத்தில் ஏறியது. அதற்குப் பிறகு அவரிடம் யாரும் கொள்ளிப் பேச்சை எடுக்கவில்லை. இருந்த வரைக்கும் அவர் வாசல் கதவுக்குத் தாழ் போட்டதில்லை.

அவர் போனபோது கொள்ளி வைக்க ஆளில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். மகன் காரியம் பாக்கியிருக்கிறது, அதை முடித்துவிட்டுத்தான் தாய்க்கு என்றார் காரியம் செய்துவைக்க வந்தவர். நெருப்பு வேலை தெரிந்த இரண்டு பேரில் மிச்சம் நான்தானே. தர்ப்பையில் செய்த அவனுக்கு முதலில் வைத்தேன். பிறகு அவருக்கு வைத்தேன்.