என் வலது தோளும் மகளின் பரீட்சையும்

நாலைந்து மாதம் முன்பு என் மகள் மீனு என்னை ஹாலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, தோளைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். பாசம் என்று நினைத்தேன்… பரீட்சை!

பர்சனல் டிரெயினர் படிப்பின் கடைசித் தேர்வு. எந்தத் தசை எங்கே தொடங்குகிறது, எந்த மூட்டு எவ்வளவு தூரம் அசையும் என்று உயிருள்ள உடம்பில் தொட்டுக் காட்ட வேண்டுமாம். மலையாள தேசத்தில், கரமனையில் எங்கள் வீட்டில் அவளைத் தவிர இருக்கும் ஒரே உடம்பு என்னுடையது. அவள் அப்பா காலமாகி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை; வருஷாப்திகம் இனிமேல்தான்.

தோள்மூட்டு விசித்திரமானது என்றாள். பெரிய பந்து, ஆழமில்லாத சின்னக் கிண்ணம். சுற்றியுள்ள தசைகள்தான் பந்தை நழுவாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நான் 'உம்' கொட்டினேன். யாராவது நம்மைத் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நீங்கள் யோசித்ததுண்டா? அன்று நான் யோசித்தேன்.

கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னாள். தூக்கினேன்.

"கள்ளம் பண்ணாதே கேட்டோ. தோள்பட்டையைக் காதுக்குக் கொண்டுபோறே, இடுப்பை வளைக்கறே. கை அங்கேயேதான் நிக்கறது."

மூட்டு மறுத்தால் அக்கம்பக்கத்துத் தசைகள் அதன் வேலையைச் செய்வதுபோல் நடிக்குமாம். வயதாகிவிட்டது என்று சமாளித்தேன். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னாள். இடுப்பைத் தாண்டவில்லை. மீனு என் தலையையே பார்த்தாள்.

"அம்மா, சூடு தாங்கலைன்னுதானே முடி வெட்டிண்டே?"

பின்னல் போடக் கை எட்டாமல்தான் கழுத்தளவு வெட்டிக்கொண்டேன். சொன்னால், தோஹாவில் கிடைத்த ஜிம் வேலையை விட்டுவிட்டு எனக்காக இங்கேயே இருந்துவிடுவாளே…

பயந்தபடியே, போகவில்லை என்றாள். டாக்டரிடம் இழுத்துப் போனாள். மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிவிட்டதாம். பொறுமையாகப் பயிற்சி செய்தால் இளகுமாம். நீ போனால்தான் பயிற்சி செய்வேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஜெயித்தேன். ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தபோதுதான் எதை ஜெயித்தேன் என்று புரிந்தது.

இப்போது தினமும் சாயங்காலம் வீடியோ கால். அவள் பார்க்க, சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே மேலே ஏற்றுவேன். பிறகு என்ன சமையல் என்று கேட்பாள். சில நாள் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அங்கே அவளும் சாப்பிடுவாள். பேச்சே இருக்காது. அதுவும் போதும்.

சுவரில் உயரமாக ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"அதைத் தொட்டுட்டா தினம் வீடியோ கால் வேண்டாம்மா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதி, அது போதும்."

நேற்றுக் காலை தனியாகச் செய்துபார்த்தேன். விரல்கள் கோட்டைத் தாண்டிப் போய்விட்டன! சந்தோஷப்பட வேண்டியதுதானே? கையை இறக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

சாயங்காலம் கோட்டுக்குக் கீழேயே நிறுத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தேன்.

"சாரமில்லைம்மா, பரவாயில்லை. நாளைக்குப் பார்க்கலாம்" என்றாள்.

முடியாததை முடிந்ததாகக் காட்டுபவர்களைப் பிடிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முடிந்ததை முடியாததாகக் காட்டினால்…? அது பாடத்தில் இல்லைபோலிருக்கிறது.

மீனு படித்தது மலையாளம் மீடியம், தமிழ் வாசிக்கத் தெரியாது — அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். யாரும் அவளுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.