பெயிண்ட் டப்பாவும் ரெண்டு கார்களும்

மலையில பழைய கார் விக்கறவனுக்கு இன்ஜினைப் பத்தித் தெரியறதைவிட வாந்தியைப் பத்தி நல்லாத் தெரிஞ்சிருக்கணுங்க. சமவெளியில தொழில் பண்ற புண்ணியவான்களுக்கு இது புரியாது. கொண்டை ஊசி வளைவுல குப்பை கொட்டற என் இனத்துக்குப் புரியும்.

ஒரே விலை

பெர்ன்ஹில்ல எங்க கடை வாசல்ல ரெண்டு வண்டி நின்னுச்சு. ஒண்ணு வெளிநாட்டுச் சொகுசுக் கார். வயசாயிருச்சு, ஆனா தோல் சீட்டும் மர டேஷ்போர்டுமா ஜமீன்தார் மிடுக்கு கொறையல. இன்னொண்ணு சின்னக் கார், புதுசு மாதிரி. ரெண்டுக்கும் ஒரே விலை. ஊட்டி ஈரத்துல அந்தத் தோல் சீட்டுல பூஞ்சை பூத்துட்டே இருக்கும், தொடைச்சே நான் ஓய்ஞ்சேன். பாக்க வந்த ஒருத்தர் உள்ள உக்காந்து மோந்து பாத்துட்டு எறங்குனாரு.

"ஏனுங்க, இதுல காளான் வளத்தலாமாட்ட இருக்குதே!"

மெத்து மெத்துன்னு

வெடிமருந்து ஃபேக்டரியில ரிட்டயர் ஆன சேவியர் சார், மனைவி ஸ்டெல்லா டீச்சரோட வந்தாரு. கோயமுத்தூர்ல மகளோட கொழந்தைக்கு வர்ற ஞாயித்துக்கெழமை ஞானஸ்நானம். டீச்சருக்கோ மலை எறங்குனா வாந்தி. கொழந்தை பொறந்தப்பவும் போக முடியல, இதையும் விட்டா மனசு ஆறாதுன்னு கண்ணு கலங்கிட்டாங்க. எல்லாம் எங்க பழைய ஜீப்பு பண்ற வேலை, சொகுசு வண்டின்னா வராதுன்னாரு சார்.

கட்டபெட்டு வரைக்கும் பெரிய வண்டியில போய்ப் பாக்கலாம்னு கெளம்புனோம். சார் ஓட்டுனாரு. ஓட்டுனாரா அது! வளைவுக்கு வளைவு ஒரு மிதி, ஒரு ஒடிப்பு. வண்டி தொட்டிலாட்ட ஆடுச்சு. நம்ம மாவட்டத்துல பிளாஸ்டிக் கவருக்குத் தடையாச்சே, அதனால இதுக்குன்னே ஒரு காலி பெயிண்ட் டப்பா வெச்சிருக்கேன். பாதி வழியில டீச்சர் கை நீட்டுனாங்க. சார் அசரல.

"சீட்டு மெத்துன்னு இருக்குதில்ல, அதான் பெரட்டுது. சின்ன வண்டியை எடுங்க!"

திரும்பி வர்ற வழி

கடைக்குத் திரும்பி வண்டி மாத்துனோம், இதையும் சார்தான் ஓட்டுனாரு. சின்ன வண்டி ஆடல, குலுக்குச்சு. கட்டபெட்டு போய்ச் சேர்றதுக்குள்ள டப்பாவுக்கு மறுபடி வேலை. பேரப்புள்ளையத் தூக்கக் குடுத்து வெக்கலையேன்னு டீச்சர் அழுதே போட்டாங்க. எனக்கு வியாபாரமே மறந்து போச்சு. சார் டீ வாங்கப் போன நேரத்துல, டீச்சர் மொகத்தைக் கழுவிட்டு டிரைவர் சீட்டுல ஏறிட்டாங்க. ஊருக்குள்ள ஓட்டுவாங்களாம், மலை ரோடுன்னா மட்டும் சார் சாவி தரமாட்டாராம். சார் ஓடி வந்து, "ஸ்டெல்லா, வளைவெல்லாம் உனக்கு ஆகாது"ன்னாரு. "ஏறுங்க"ன்னாங்க. பின்னால ஏறிட்டாரு.

மகராசி, என்ன பதம்! கலகலன்னு பேசிட்டே ஓட்டுனாங்க, ஒரு ஓங்கரிப்பு இல்ல. தொட்டபெட்டா ஜங்ஷன் கிட்ட வரும்போது பின்சீட்டுல இருந்து மெதுவா ஒரு கை நீண்டுச்சு. சாரோட கை. டப்பாவைக் குடுத்தேன். டீச்சர் கண்ணாடியில பாத்துச் சிரிச்சாங்க, கண்ணுல தண்ணி.

"ஏனுங்க, இத்தன வருசமா கொறை எனக்குத்தான்னு நெனச்சுட்டு இருந்தேன். இந்த வண்டியே போதும். ஞாயித்துக்கெழமை நான் ஓட்டறேன், நீங்க எலுமிச்சம்பழத்தை மோந்துட்டு வாங்க!"

பெரிய வண்டியா சின்ன வண்டியான்னு யாராச்சும் கேட்டா நான் இப்பெல்லாம் சொல்றது ஒண்ணுதாங்க: எதை வேணா வாங்குங்க, மொதல்ல டப்பா புடிக்கறவங்க கையில சாவியைக் குடுத்துப் பாருங்க.