மூன்றரை விரல்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது, அவ்வளவுதான். பேய் என்றதும் நள்ளிரவையும் ஊளையிடும் நாயையும் எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மதியம் இரண்டு பத்து. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். என் வேலை அப்படி.

அண்ணன் கத்தி அடிப்பவன். முன்பக்கம் உலையும் சம்மட்டியும் அவனுடையவை. பின்பக்க அறை என்னுடையது. அவன் அடித்துக் கொடுக்கும் கத்திகளுக்கு நான் அலங்காரம் செய்வேன். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியுமளவு பளபளப்பாக்க வேண்டும். அசிட்டோன் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். பிறகு ஆசிட் ஜாடிக்குள் கம்பியில் தொங்கவிட வேண்டும். பத்து நிமிடத்தில் இரும்பு சீராகக் கறுத்துவிடும். அதன்மேல் நகப்பூச்சால் கொடியும் இலையும் வரைந்து மறுபடி முக்கினால், சுற்றிலும் அரித்துப்போய் கொடி மட்டும் எழும்பி நிற்கும். நான் நகப்பூச்சு வாங்கி வரும்போதெல்லாம் அண்ணன் கேட்பான்: "என்ன, கத்திக்குக் கல்யாணமா?"

ஒரே ஒரு விதி உண்டு. துடைத்த பிறகு வெறும் விரல் படக்கூடாது. விரலில் இருக்கும் துளி எண்ணெய்ப் பசை போதும், அந்த இடத்தை ஆசிட் கடிக்காது. கறுத்த இரும்பில் விரல் தடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். கையுறை இல்லாமல் என் மேசைப் பக்கம் யாரும் வரக்கூடாது. அண்ணனும்தான்.

அன்றைய கத்தி, மெதுவாகப் பேசும் ஒரு மனிதருக்காக அடித்தது. எதற்கு என்று அண்ணன் கேட்டதற்கு, "சும்மா, வீட்ல இருக்கட்டும்னுதான்" என்றாராம். மாலை ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

2:10க்குக் கத்தியை ஜாடியில் இறக்கினேன். 2:20க்கு எடுத்துச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் போட்டேன். ஸ்ஸ்ஸ் என்று நுரைத்து அடங்கியது. துடைத்துப் பார்த்தால், நடுவில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக...

"அண்ணா! இதுல கை வச்சியா?"

"உன் மேசைல கை வச்சுட்டு உயிரோட இருக்க முடியுமாடி?" என்று முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

என் தவறாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மறுபடி தேய்த்தேன். இரண்டு முறை துடைத்தேன். புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, கதவையும் சாத்திவிட்டு, 3:05க்கு இறக்கினேன்.

3:09. டிங்.

ஜாடியின் கண்ணாடியில் கத்தி இடித்த சத்தம். அறையில் மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் மூடியிருந்தது. தொங்கிய கத்தி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது... பிறகு நின்றது.

3:15க்கு எடுத்தேன். இந்த முறை திட்டுகள் இல்லை. ஒரு பக்கம் நான்கு விரல்கள். மறுபக்கம் கட்டைவிரல். இடது கை. விரல்கள் கூர்விளிம்பைத் தாண்டி வளைந்திருந்தன. மோதிர விரல் மட்டும் பாதியில் நின்றது. பென்சில் சீவியதுபோல் சரிவாக.

அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் உற்றுப் பார்த்தான். தன் இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே விரித்தான்.

"எண்ணிக்கோ. பத்தும் இருக்கு. உன்னோடதும் பத்து. வேற யாரு இங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அவன் கை இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அது போதும்.

"கத்திய யாராவது இப்படிப் பிடிப்பாங்களா? கை போயிடும்" என்றான்.

மேசையிலிருந்த இரும்பு அளவுகோலை எடுத்து அவனிடம் கொடுத்து, அதேபோல் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். மேலிருந்து பிடித்தான், பக்கவாட்டில் பிடித்தான், பிடிமானத்தை மாற்றி மாற்றிப் பார்த்தான். விரல்கள் அப்படி விழவில்லை. அளவுகோலை வாங்கிக்கொண்டேன். ஏன் செய்தேன் என்று இன்றும் தெரியாது. அதன் முனையை அவன் வயிற்றை நோக்கிச் சட்டென்று நீட்டினேன்.

அவன் இடது கை தானாக வந்து அதைப் பிடித்தது.

நான்கு விரல் ஒரு பக்கம். கட்டைவிரல் மறுபக்கம்.

பிறகு அவன் அளவுகோலை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

4:02. மூன்றாம் முறை. இம்முறை கண்ணை எடுக்கவே இல்லை.

4:06. டிங்.

4:07. டிங்... டிங்.

கம்பி விறைத்தது. உள்ளிருந்து யாரோ கத்தியைப் பிடித்து இழுப்பதுபோல்.

கடிகாரத்தின் சத்தம்கூடக் கேட்கவில்லை.

4:12.

எடுத்தேன்.

அதே கை. ரேகைகூடத் தெரிந்தது. விரல்கள் இப்போது கைப்பிடிப் பக்கமாக வழுக்கி, இழுபட்டிருந்தன.

செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். நேராக முன்பக்கம் போனேன்.

"அண்ணா, இந்தக் கத்தியக் குடுக்க வேண்டாம்."

"ஒரு வாரமா அடிச்சதுடி. வாக்கு குடுத்தாச்சு. உனக்கு இன்னைக்குக் கை சரியில்ல, தள்ளு, நான் பாத்துக்கறேன்."

அவனே தேய்த்தான். அவனே துடைத்தான். கையுறைகூட ஒழுங்காகப் போடவில்லை. ஐந்து மணிக்கு வெளியே எடுத்தபோது கத்தி சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

"பாத்தியா?" என்று சிரித்தான்.

அந்தக் கை இருந்த இடத்தின்மேலேயே கொடியை வரைந்தேன். இலைகள் கோணலாக வந்தன. மறுபடி முக்கி எடுத்தேன். அவர் சரியாக ஆறு மணிக்கு வந்தார். "நல்லா இருக்கு" என்றார். வாங்கிக்கொண்டு போனார்.

ஐந்து மாதம் கழித்து, தீட்டும் இயந்திரத்தின் பெல்ட்டில் அண்ணனின் இடது கை மாட்டியது. மோதிர விரலின் பாதி போய்விட்டது. மூன்று வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். "இனிமே எனக்கு நகப்பூச்சு வாங்கினா கொஞ்சம் மிச்சமாகும்" என்று நர்ஸிடம் ஜோக்கடித்தான். நான் ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய்ப் படத்தைத் திறந்து பார்த்தேன்.

பென்சில் சீவியதுபோல். அதே சரிவு. அதே உயரம்.

வீட்டுக்கு வந்ததும் அவனிடம் காட்டினேன். படத்தையும் விரலையும் பலமுறை மாறி மாறிப் பார்த்தான். "பாதி விரல்னா எல்லாருக்கும் இப்படித்தாண்டி இருக்கும்" என்று போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

நேற்று மதியம், அந்தக் கத்தியை வாங்கிப்போன மனிதர் அண்ணனுக்குப் போன் செய்தார். கத்தியின் முனை மழுங்கிவிட்டதாம். நாளைக்கு எடுத்து வரலாமா என்று கேட்டாராம்.

"வாங்க, வாங்க. எங்க போயிடப் போறேன், இங்கதான் இருப்பேன்" என்றான் அண்ணன்.

"வேண்டாம்னு சொல்லக் கூடாதா?" என்றேன்.

"என்னன்னு சொல்லச் சொல்ற? உங்க கத்தி என்னைக் குத்தப் போகுதுன்னா?"

சிரிக்கத்தான் பார்த்தான். ஆனால் அவன் இடது கை, அவனுக்கே தெரியாமல், காற்சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது.