எதிர்க்கடைச் சிவப்பு

கல்முனையில் அலங்கார மீன் விற்கும் அஜ்வத், பெருநாளுக்கு முற்றத்தில் பரப்புவதுபோல் தொட்டிகளிலும் வெள்ளைக் கடல்மணலைப் பரப்பியிருந்தார். சிவப்பு மீன்கள் வெளிறிக் கிடந்தன. எதிர்க்கடையில் மச்சான் சிபானின் மீன்களோ நெருப்பாய்ச் சிவந்திருந்தன. அஜ்வத்துக்கு வயிறு எரிந்தது.

"மீனுக்குச் சாயம் குடுக்கான், கள்ளன்" என்று ஊரெல்லாம் சொன்னார். ஆள் வைத்து சிபானின் மீன்களில் இரண்டை வாங்கித் தன் தொட்டியில் விட்டார். சில வாரங்களில் அவையும் வெளிறின. அவற்றை வாளியில் அள்ளிக்கொண்டு சிபானிடம் பாய்ந்தார்.

"பாத்தியா, சாயம் கழண்டு போயிட்டு!"

சிபான் சிரித்தார். "மச்சான், தரைட நிறத்தப் பாத்துத்தான் மீனும் நிறம் மாறும். கறுப்புக் கல்லப் போடு, பின்னால கறுப்புத் தாள ஒட்டு."

அஜ்வத் மனமில்லாமல்தான் செய்தார். மாதம் முடியுமுன் மீன்கள் சிவந்தன. முதலில் வந்த வாடிக்கையாளர் வியந்துபோய்க் கேட்டார்:

"அஜ்வத் காக்கா, இது சிபான்ட கடையில எடுத்த மீனா?"