அடைக்கோழிக்கு அடியில் ஒளித்த முட்டை

ராஜா ஆண்ட காலம். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கண்மாய்க்குப் பறவைகளுக்காகவே காவல் போட்டிருந்தார்கள். கரையோரம் புல் அறுக்கலாம். முட்டையைத் தொட்டால் மட்டும் வீட்டு ஆண்பிள்ளையைக் போலீஸ் கச்சேரிக்குக் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள். நான் கல்யாணமாகி வந்த புதுசு. எனக்கு அறுப்பில் கை வேகம். அதில் பெருமை வேறு. ஒருநாள் வீட்டுக்கு வந்து புல்லுக்கட்டை அவிழ்த்தால், கோரைக்கு நடுவே தண்ணிக்கோழிக் கூடு. அதில் புள்ளி புள்ளியாக முட்டைகள்!

மாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அடி பாவி! எம் மகனை உள்ள தள்ளவா வந்தே?"

"திரும்பக் கொண்டுபோயி வச்சிர்றேன் அத்தை."

"காவக்காரன் மடியில என்னன்னு கேட்டா? நாந்தான் இட்டேன்னு சொல்லுவியா?"

அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டேன்.

வீட்டில் ஒரு செவலைக் கோழி முட்டையில்லாமலே அடைக்குப் படுத்திருந்தது. கோழிக்கு அடியில் யார் தேடப்போகிறார்கள் என்று மாமியார் முட்டைகளை அங்கே தள்ளிவிட்டார். கட்டோடு குலுங்கி வந்தது, கூமுட்டையாகத்தான் போகும் என்றார்.

பொரித்துவிட்டன. கரிக்குஞ்சுகள், மண்டை மட்டும் சிவப்பு. கோழி மண்ணைக் கிளறிக் கூப்பிட்டால் இவை மாட்டுத்தொட்டிக்கு ஓடின. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே, கூடையை அவற்றின் மேல் கவிழ்த்து மூடிவிட்டு, கத்துவது வெளியே கேட்காமலிருக்க வெறும் உரலை இடிப்பேன். என் வீட்டுக்காரர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார்.

கடைசியில் மாமியார் கோழியையும் குஞ்சுகளையும் கூடையில் வைத்து என்னோடு கண்மாய்க்குக் கிளம்பினார். மேய விட வந்தது போல் இருக்குமாம். கூடையைத் திறந்ததுதான் தாமதம், குஞ்செல்லாம் தண்ணீருக்குள். கோழி கரையில் நின்று கதறியது. அந்த நேரம் பார்த்துக் காவல்காரர் வந்து நின்றார்.

"அய்யய்யோ, எங் கோழிக்குஞ்செல்லாம் முங்கிப் போச்சே!" என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டார்.

காவல்காரர் கோரைப்பக்கம் பார்த்தார். குஞ்சுகள் வரிசையாக நீந்திக்கொண்டிருந்தன.

"ஒங்க கோழிக்குஞ்சு நல்லா நீச்சல் படிச்சிருக்கே ஆத்தா."

மாமியார் மாரில் அடித்த கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"இனிமே புல்லுக்கட்டக் கரையிலேயே ஒதறிப் பாத்துட்டுத் தூக்கச் சொல்லுங்க ஒங்க மருமகள" என்றவர், எங்களைத் திரும்பிப் பார்க்காமல் அங்கிட்டு நடந்தார்.

கோழிதான் கரையை விட்டு வர மறுத்தது. துரத்திப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். வீடு வரும் வரைக்கும் அதன் நெஞ்சும் என் நெஞ்சும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன.