நாலு சிலிண்டர்காரர்

பல்செட்காரருக்கு ஐம்பதை நெருங்கியும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பிழைப்போ, நாள் முழுக்க ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்தவர் வாய்க்குப் பல் கட்டுவது. மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லை நிறுத்துவதற்குள் பலமுறை எழுந்து ஜன்னலுக்குப் போய்வருவார். வெளியே நிற்கும் வண்டி எங்கும் ஓடிப்போகாது என்று சொன்னால் கேட்கிற ஆளா?

முன்பு இருந்தது இரட்டை சிலிண்டர் பைக். தடதடவென்று சத்தம் போட்டாலும் நல்ல குணம். எந்த கியரில் இருந்தாலும் லேசாக முறுக்கினால் போதும், மறுபேச்சில்லாமல் இழுக்கும். ஞாயிறு காலைகளில் மனைவி பின்னால் ஏறிக்கொள்வாள். வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு பேசித் தீர்ப்பாள். வீட்டில் பேசலாமென்றால், இவர் எங்கே உட்கார்ந்தார்?

அந்த வண்டியைத் தள்ளிவிட்டு நாலு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கிவிட்டார். சிக்னலில் அப்படி ஒன்று பக்கத்தில் நின்று, வீறிட்டுக்கொண்டு பறந்ததாம். அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போயிற்று.

மெக்கானிக்கான மச்சினன் சாவியைக் கொடுக்கும்போதே சொன்னான்.

"அத்தான், இது பழசு மாதிரி மெதுவா சுத்துறப்ப இழுக்காது. முந்தணும்னா கியரை எறக்கி எஞ்சினை நல்லா கத்த விடுங்க. அப்பதான் உயிரே வரும்."

"எல்லாம் தெரியும்டா."

தெரிந்த லட்சணம் முதல் ஞாயிறே பல்லிளித்தது. உள்ளங்கை அகல பின்சீட்டில் மனைவி பேச்சை விட்டுவிட்டு அவரைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். முன்னால் ஒரு லாரி. பழைய ஞாபகத்தில் கடைசி கியரிலேயே முறுக்கி, அதை முந்த வலப்பக்கம் வெளியே வந்தார். வண்டி முனகியதே தவிர நகர்கிற வழியாக இல்லை. எதிரே வேன் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. பதறிப்போய் இரண்டு கியர் இறக்கினார். அவ்வளவுதான், வீறிட்டுப் பாய்ந்து லாரிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது வண்டி. உயிர் போய் உயிர் வந்தது.

மனைவி முதுகில் தட்டினாள். பேருந்து நிறுத்தத்தில் இறங்கினாள்.

"பழக்கதோஷம்மா. கியரை எறக்க மறந்துட்டேன்."

"அதுக்காக நான் எறங்கல."

"பின்ன?"

"எதிர்ல வேன் வந்தப்ப நான் கண்ணை மூடிக்கிட்டேன். வண்டி பாஞ்சதும் நீங்க சிரிச்சீங்க. எனக்குக் கேட்டுச்சு."

ஹெல்மெட்டுக்குள் நடந்தது யாருக்கும் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தார்!

"நான் பஸ்ல போறேன். நீங்க பின்னாலயே மெதுவா வாங்க. இன்னிக்கு ஒரு நாளாவது வீட்ல உக்காந்து பேசுவோம். அது போதும் எனக்கு."

அவர் தலையாட்டினார். மனசாரத்தான் ஆட்டினார்.

பேருந்து புறப்பட்டது. கடைசி சீட்டிலிருந்து அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்து, அவர் வருவதைக் கண்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள். அவருக்கு அவள்மேல் பாசம் பொங்கியது. எஞ்சின் சூடு தொடையைச் சுட்டது. கை பரபரத்தது. எதிர்ப்பக்கம் சாலை காலியாகக் கிடந்தது.

வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் கியரை இறக்கினார். பேருந்து ஜன்னலில் அவள் முகம் வந்தது, பின்னால் போனது. வெட்கத்தில் காது எரிந்தது. முறுக்கிய கையைத் தளர்த்த மட்டும் அவருக்கு மனசு வரவில்லை.